குரலைத் தேய்க்காதீர்கள்

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய கிண்டல் ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அந்தப் பட்டியல் நீளும். வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, ஜெயில், வெயில் என்பார்கள். பஸ் ஏறி மேற்கே போனால் ஆம்பூர். அங்கே பிரியாணியும் தோலும். எந்தப் பட்டியலிலும் ஒரு பெயரை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. வாணி ஜெயராம்.

1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கலைவாணி. கர்நாடக சங்கீதம் கற்றார். ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தார். கல்யாணமாகி மும்பை போய், உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் ஹிந்துஸ்தானியும் கற்றார். 1971-ல் வசந்த் தேசாய் இசையில் 'குட்டி' என்ற ஹிந்திப் படத்தில் பாடினார். அதற்கப்புறம் வங்கிக் கணக்குப் புத்தகத்துக்கு அவர் திரும்பவில்லை. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். கையில் வாங்குவதற்குள், பிப்ரவரி 4-ம் தேதி சென்னை வீட்டில் காலமானார்.

இது அஞ்சலிக் கட்டுரை அல்ல, பயப்படாதீர்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி. ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் ஒரு பாடகரிடமிருந்து மிகச் சிறந்த பாட்டை வாங்குவது எப்படி? நல்ல மைக் இருந்தால் போதுமா? நல்ல மென்பொருள் இருந்தால் போதுமா? நாம் இப்போது கேட்கிற சினிமாப் பாட்டுகளைப் பார்த்தால், போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. போதாது என்பது என் கட்சி. அதற்கு என் சாட்சி வேலூர்க்காரர்.

மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1974-ல் வந்த 'தீர்க்க சுமங்கலி'யின் மல்லிகைப் பாட்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. வாணியைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தது இதுதான். 'மல்லிகை' என்ற சொல்லில் இரண்டு ல் இருக்கிறது அல்லவா? அந்த இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். கொஞ்சலும் இருக்கிறது, ஆனால் கொஞ்சலுக்காக எழுத்தை முழுங்கவில்லை.

இரண்டாவது, 1975-ல் 'அபூர்வ ராகங்கள்'. படத்தில் ஸ்ரீவித்யா ஒரு கர்நாடகப் பாடகி. ராகம் விட்டு ராகம் தாவும் பாட்டு. ஒரு ராகத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற இடத்தில் சாதாரணப் பாடகருக்குக் குரலில் ஒரு கியர் மாற்றும் சத்தம் கேட்கும். வாணியிடம் கேட்காது. தேசிய விருது கிடைத்தது.

மூன்றாவது, 1992-ல் வந்த 'ஸ்வாதி கிரணம்' என்ற தெலுங்குப் படம். கே.வி.மகாதேவன் இசை. திரையில் பாடுவது ஒரு சிறுவன். பின்னால் பாடுவது நாற்பத்தைந்து வயது தாண்டிய வாணி. குரலைச் செயற்கையாகச் சின்னதாக்கி, மழலை பேசி ஏமாற்றவில்லை. ஒரு மேதைச் சிறுவனுக்கு என்ன தன்னம்பிக்கை இருக்குமோ, அதை மட்டும் பாடினார். அதற்கும் தேசிய விருது.

வாணியின் குரலில் குறை சொல்பவர்கள் உண்டு. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கூர்மை அதிகம், மெத்தென்று இருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் ரேடியோவில் அரை வினாடி கேட்டதும் 'வாணி ஜெயராம்' என்று நம்மைச் சொல்ல வைப்பது அந்தக் கூர்மைதான். அதைச் சரிசெய்திருந்தால்?

இன்றைக்கு நிச்சயம் சரிசெய்திருப்பார்கள். அதுதான் என் புகார்.

இப்போது வரும் பாட்டுகளில் குரல் படு சுத்தம். ஸ்ருதி ஓர் இழைகூட விலகுவதில்லை. மூச்சுச் சத்தம் கிடையாது. ஆனால் பாடியது யார் என்று கேட்டால், மூன்று பெயர் சொல்லி, 'இதுல ஒண்ணு' என்கிறோம். தயவுசெய்து 'அந்தக் காலம் மாதிரி வருமா' கோஷ்டியில் என்னைச் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்திலும் சொத்தைப் பாட்டுகள் ஏராளம். அவற்றை நாம் மறந்துவிட்டதால் பொற்காலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இன்று பாடும் இளைஞர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. அந்தத் திறமையை ஸ்டூடியோவில் என்ன செய்கிறோம் என்பதுதான் பிரச்னை.

குரலைச் சரிசெய்யும் மென்பொருளுக்கு ஆட்டோட்யூன் என்று பெயர். 1997-ல் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடித்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன்னால் பூமிக்கு அடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒலி அலைகளை வைத்துக் கண்டுபிடிக்கும் தொழிலில் இருந்தவர். எண்ணெய் தேடிய கணக்கை அப்படியே ஸ்ருதி தேடப் பயன்படுத்தினார். மறு வருஷமே அமெரிக்கப் பாடகி ஷெர் அதை ஒரு வேடிக்கை எஃபெக்டாகப் பயன்படுத்தி உலகம் முழுக்க ஹிட் கொடுத்தார். அப்புறம் அது வேடிக்கையாக இருப்பதை விட்டுவிட்டு வழக்கமாகிவிட்டது.

இது என்ன செய்யும்? பாடகர் ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ நின்றால், பக்கத்திலுள்ள சரியான ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். மென்பொருளுக்கும் அதுதான் சாதாரணக் கணக்கு. நம் சங்கீதமோ கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் குடியிருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் தோடி. 'நேரா நில்லுப்பா' என்று அதை மிரட்டினால் காந்தாரம் நிற்கும், தோடி போய்விடும். பொறுமையான இன்ஜினியர் இடம் பார்த்துக் கையால் திருத்துவார், கமகத்தைத் தொடமாட்டார். அவசரக்காரர் மொத்தப் பாட்டுக்கும் ஒரே அமுக்கு.

இந்த இடத்தில் ஆம்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது. (2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. தோல் வாசனைக்கு மாவட்ட எல்லை தெரியாது.) எனக்குத் தெரிந்த டேனரி பாய் ஒருவர் அங்கே தோல் தரம் பிரிப்பதை விளக்கினார். மாடு என்பது கண்ணாடிப் பெட்டியில் வளர்வதில்லை. முள் கீறியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், சூடு போட்ட தழும்பு இருக்கும். தழும்பு குறைவான தோலின் மேற்பரப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். அதற்கு ஃபுல் கிரெய்ன் என்று பெயர். விலை அதிகம். தழும்பு நிறைய இருந்தால் எமரித் தாள் சுற்றிய பஃபிங் மிஷினில் விட்டு மேற்பரப்பைத் தேய்ப்பார்கள். தேய்த்த தோலுக்கு வண்ணப் பூச்சு. அதற்கு மேல் சூடான தகட்டை அழுத்தி, இயற்கையான தோல் மாதிரியே ரேகைகளை அச்சடிப்பார்கள். அதற்கு கரெக்டட் கிரெய்ன் என்று பெயர்.

'அப்போ அது ஏமாத்து வேலையா பாய்?' என்று கேட்டேன்.

'அதெல்லாம் இல்ல சார். அந்தத் தோலையும் வீணாக்காம ஷூ ஆக்கணும்ல? குறைஞ்ச விலைக்கு நல்ல ஷூ அதுலதான் வரும். ஆனா அந்த விலைக்குத்தான் விக்கணும். நல்ல தோலை மிஷின்ல விட்டா எங்களை முட்டாள்னு சொல்லுவாங்க.'

கரெக்டட் கிரெய்னில் பூச்சு தடிமனாக இருந்தால் துவாரங்கள் அடைந்துபோகும். தோல் மூச்சு விடாது. காலையில் பளபளப்பாக இருக்கும் ஷூ, சாயங்காலம் உள்ளே வேர்க்கும்.

பாட்டுக்கு அப்படியே பொருத்திப் பாருங்கள். ஆட்டோட்யூன் குற்றமில்லை. சுமாராகப் பாடுகிற நடிகர் தன் படத்தில் ஒரு பாட்டுப் பாட ஆசைப்பட்டால், மிஷினில் விட்டு எடுக்கத்தான் வேண்டும். அந்த ரசிகர்களுக்கும் அது போதும். ஆனால் பத்து வருஷம் சங்கீதம் கற்றுக்கொண்டு வந்த பெண்ணின் குரலையும் அதே மிஷினில் விடுகிறோமே, அது என்ன கணக்கு? முதல் தரத் தோலைத் தேய்த்து மூன்றாம் தரமாக விற்கிற வியாபாரத்தை ஆம்பூரில் ஒருத்தரும் செய்யமாட்டார்கள். கோடம்பாக்கத்தில் செய்கிறோம்.

ஏன் செய்கிறோம்? நான் பி.காம். படித்தவன். எனக்கு எல்லாமே கடைசியில் காஸ்டிங்கில்தான் வந்து நிற்கும்.

எழுபதுகளில் ஒரு பாட்டு ரெக்கார்டிங் என்றால் வயலின்காரர்கள், தபேலா, புல்லாங்குழல், கோரஸ் என்று ஒரு கூட்டமே ஒரே ஹாலில் உட்கார்ந்து, பாடகரோடு சேர்ந்து வாசிக்கும். கடைசிச் சரணத்தில் ஒருவர் பிசகினால் பெரும்பாலும் எல்லோரும் முதலிலிருந்து. அத்தனை பேர் சம்பளம், ஸ்டூடியோ வாடகை, ஃபிலிம் அல்லது டேப். ஒரு தப்பின் விலை மிக அதிகம். அதனால் தப்பு வராமலிருக்க முதலிலேயே செலவு செய்தார்கள். அந்தச் செலவுக்குப் பெயர் ஒத்திகை. எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து தானே பாடிக் காட்டுவார். எந்த வார்த்தையில் சாய வேண்டும், எங்கே சிரிப்பை ஒளிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாடிக்காட்டலில் இருக்கும். வாணி கேட்டதை ஸ்வரக் குறிப்போடு எழுதிக்கொள்ளும் பழக்கமுள்ளவர். மைக் முன்னால் வந்து நிற்கும்போது பாட்டு ஏற்கெனவே தயார். மைக் அதைப் படம் பிடித்தது, அவ்வளவே.

இன்றைக்குத் தப்பின் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். ஹார்ட் டிஸ்க்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. வாத்தியக்காரர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் வேறு நாளில், வேறு ஊரில் வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். அல்லது வரவேயில்லை, கம்ப்யூட்டரே வாசித்துவிட்டது. பாடகருக்கு வேறொருவர் பாடிய ட்ராக் வாட்ஸ்அப்பில் வரும். போகிற வழியில் காரில் கேட்டுக்கொண்டு போவார். மைக் முன்னால் நின்று வரி வரியாகப் பாடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: 'போதும் மேடம், பின்னாடி சரி பண்ணிக்கலாம்.'

'பின்னாடி சரி பண்ணிக்கலாம்' என்ற அந்த வாக்கியம்தான் இன்றைய பாட்டின் சத்ரு. ஒத்திகைக்கு ஆகிற செலவைவிடத் திருத்துகிற செலவு குறைவு. அதனால் ஒத்திகை வெட்டப்பட்டது. கணக்குப்படி லாபம்தான். நஷ்டம் யாருக்கு? பாடகருக்கு. பாட்டு என்ன சொல்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று தெரியாமலே அவர் பாடி முடித்து வெளியே வந்துவிடுகிறார். அப்புறம் நமக்கு. சுத்தமான ஸ்வரங்கள் கிடைக்கின்றன, ஆள் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. 'சார், தப்பு பண்ணினா ஐம்பது பேர் முறைப்பாங்கங்கிற பயத்துல எத்தனை பேர் குரல் நடுங்கியிருக்கும்? இப்ப பயமில்லாம பாடலாமே?' ஒப்புக்கொள்கிறேன். பயத்தை எடுத்தது பெரிய உபகாரம். அந்த உபகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தியவரும் இங்கேயே இருக்கிறார். ஏ.ஆர்.ரஹ்மான். தன் வீட்டு ஸ்டூடியோவில் பாடகர்களை ராத்திரியில் அழைத்து, ஒரே வரியைப் பல விதமாகப் பாடவிட்டு, அவர்கள் கற்பனைக்கு இடம் கொடுத்து, அதிலிருந்து பொறுக்கி எடுத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது குரல்கள் புதிதாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மிச்சமான நேரத்தை அவர் பாடகருக்கே கொடுத்தார். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். கருவி ஒன்றுதான், கணக்கு வேறு.

தப்பே இல்லாமல் பாடுவதுதான் நல்ல பாட்டு என்று நினைப்பவர்களுக்கு லண்டனிலிருந்து ஓர் உதாரணம். 1963 பிப்ரவரி 11. பீட்டில்ஸ் குழு தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்தது. ஜான் லெனனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். முதலிலேயே பாடவிட்டால் மற்ற பாட்டுகளுக்குக் குரல் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். லெனன் ஒரு டேக் பாடினார். இரண்டாவது டேக்குக்குக் குரலே வரவில்லை. முதல் டேக்தான் தட்டில் ஏறியது. அந்தக் கரகரப்பை எமரித் தாள் போட்டுத் தேய்த்திருந்தால் பாட்டில் என்ன மிஞ்சியிருக்கும்? எதை எப்போது பாட வைப்பது என்று மார்ட்டின் யோசித்தார் பாருங்கள், அதற்குப் பெயர்தான் குரல் வாங்கும் வித்தை. மைக் அப்புறம்.

நம்மிடமும் இருக்கிறது. கே.விஸ்வநாத் இயக்கி 1980-ல் வெளியான 'சங்கராபரணம்'. அதில் பாடியதற்காக இரண்டு பேருக்குத் தேசிய விருது. ஒருவர் முறைப்படி கற்ற வாணி ஜெயராம். இன்னொருவர் முறைப்படி கர்நாடக சங்கீதம் கற்காத எஸ்.பி.பாலசுப்ரமணியம். கற்கவில்லை என்பதை எஸ்.பி.பி. எந்த மேடையிலும் மறைத்ததில்லை. ஒரு மகா வித்வானுக்கு அவரைப் பாட வைத்தவர்கள் கே.வி.மகாதேவனும் அவருடைய உதவியாளர் புகழேந்தியும். குருமார்கள் கிடைத்தது வாணிக்கு வாழ்க்கையில், பாலுவுக்கு அந்தப் படத்தில். இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம், மைக்கை ஆன் பண்ணுவதற்கு முன்னாலேயே யாரோ ஒருவர் அவர்களுக்காக நேரம் செலவழித்திருக்கிறார்.

சரி, இதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? இன்று ஊருக்கு ஊர் மாடியில் ஸ்டூடியோ வந்துவிட்டது. பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு, சொந்த ஆல்பம் என்று மணிக்கணக்கில் வாடகை. உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ நாளைக்கே போய் நிற்கலாம். காசு உங்களுடையது. ஆகவே சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

பாட்டைச் செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் கையால் எழுதச் சொல்லுங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று அதில் ஒரு கோடு போடட்டும். அர்த்தம் தெரியாத சொல்லை அடிக்கோடு போட்டு, இசையமைத்தவரிடம் கேட்கட்டும். கேட்டால் குறைந்துபோக மாட்டோம்.

ஹெட்போனில் வருகிற கலவை ரொம்ப முக்கியம். தன் குரல் சத்தமாகக் கேட்டால் பாடுபவர் சோம்பிவிடுவார், ஸ்ருதி கீழே இறங்கும். குரலே கேட்காவிட்டால் கத்துவார், மேலே ஏறும். 'என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்க, மியூசிக்கை இறக்குங்க' என்று கேட்பது பாடகரின் உரிமை. ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு பாடுவதும் நல்ல பழக்கம். சொந்தக் குரல் நேராகக் காதில் விழும்.

மைக்கை முத்தமிட வேண்டாம். ஒரு சாண் தள்ளி நிற்கலாம். ரொம்ப நெருங்கினால் அடிக்குரல் வீங்கிக் கேட்கும். 'ப' வருகிற இடத்திலெல்லாம் 'பொத்' என்று காற்று அடிக்கும். உச்சத்தில் பாடும்போது அரை அடி பின்னால் போவது, ரகசியம் சொல்லும்போது முன்னால் வருவது என்பதெல்லாம் பழைய பாடகர்கள் காலாலேயே செய்த மிக்ஸிங்.

முதல் தடவை 'சும்மா ஒத்திகைக்கு' என்று பாடும்போதே பதிவு பண்ணச் சொல்லுங்கள். பயமில்லாத நேரம் அதுதான். பல சமயம் அதுவே கடைசியில் நிற்கும். திருத்திப் பாடுவதானால் ஒற்றைச் சொல்லை மட்டும் ஒட்டுப் போடாமல், ஒரு மூச்சு முழுவதையும் பாடட்டும்.

இன்ஜினியர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. 'ஓகே, இன்னொண்ணு போலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எதற்கு இன்னொன்று என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குறைதான். ஐந்து குறையை ஒன்றாகச் சொன்னால் ஆறாவதாகப் பாடகரின் தைரியமும் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு மென்பொருள் தேவைப்பட்டால் தாராளமாகப் போடுங்கள், தழும்பு உள்ள இடத்தில் மட்டும்.

இந்த வாரம் ஒரு சின்னப் பரீட்சை. 'ஸ்வாதி கிரணம்' பாட்டு ஒன்றையும் சமீபத்தில் உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்து, திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ராகம், தாளம் எதையும் கவனிக்க வேண்டாம். பாடுகிறவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். முதல் பாட்டில் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டாவதில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் பாடியவர் மேல் பழி போடாதீர்கள். அவர் மூச்சு விட்டுத்தான் பாடியிருப்பார். வெட்டி எறிந்தது வேறு யாரோ.